சிறிய நாடு விரைந்து முன்னேற: மொரீசியஸ் நடந்த வழி

சிறிய நாடு ஒன்றுக்கு வளர்ச்சித் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரையே முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். துறைமுக வணிகத்தில் வளர்ந்த ஒரு நகரத்தின் அனுபவம், ஒரே பயிரை நம்பியிருக்கும் ஏழைத் தீவுக்கு எளிதில் பொருந்துவதில்லை. அத்தகைய நாடுகள் மொரீசியஸைப் பார்ப்பதே நல்லது. 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்றபோது, ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நாட்டுக்குச் சர்க்கரையைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றுமதி எதுவும் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு, பெருகிவரும் மக்கள்தொகைக்கு இத்தீவு வேலை தர முடியாமல் திணறும் என்று 1961இலேயே எச்சரித்திருந்தது.

முதலில் தீர்க்க வேண்டியது அரசியல் கணக்கு. 1967 தேர்தலில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் விடுதலைக்கு எதிரான அணிக்கு வாக்களித்தார்கள். விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன் தலைநகர் போர்ட் லூயியில் இனக் கலவரம் மூண்டது. அந்த நிலையிலும் பிரதமர் சீவுசாகர் ராம்கூலம், எதிரணித் தலைவர் கெய்தான் டுவாலை 1969இல் அமைச்சரவைக்குள் அழைத்துக்கொண்டார். சிறுபான்மையினருக்குப் போதிய இடம் கிடைக்காமல் போனால், தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை நாடாளுமன்றத்தில் சேர்த்துக்கொள்ளவும் அரசியல் சட்டத்தில் வழி இருந்தது. (ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும், தைப்பூசத்துக்குப் பொது விடுமுறையும் அங்கே இருப்பது இந்த மனப்பான்மையின் இன்னொரு முகம்.) உள்நாட்டில் சண்டை ஓயாத இடத்தில் எந்த முதலாளியும் இயந்திரம் இறக்க மாட்டார், ஆகையால் வரிச்சலுகைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் எதிர்ப்பாளர்களோடு பேசி முடிக்க வேண்டும். இந்தக் கதையில் கறையும் உண்டு: 1971 வேலைநிறுத்தங்களுக்குப் பின் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, அடுத்த பொதுத்தேர்தல் 1976 வரை தள்ளிப்போனது. அதைப் பின்பற்றத் தேவையில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டிலும் இதே அணுகுமுறைதான். கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதாமல், நவீனக் கருத்தடை முறைகளைப் பரப்பிய சங்கத்துக்கும், திருச்சபை ஏற்கும் இயற்கை முறைகளை மட்டும் கற்பித்த அமைப்புக்கும் அரசு நிதி கொடுத்தது. பிறப்பு விகிதம் விரைவாகவே இறங்கியது.

அடுத்தது, கையில் உள்ள வருமானத்தைக் கெடுக்காமல் புதிய வருமானத்தைத் தேடுவது. இதில்தான் பல நாடுகள் சறுக்கின. மொரீசியஸ் அரசு, பெரும்பாலும் பிரெஞ்சு வம்சாவளியினர் வசமிருந்த கரும்புத் தோட்டங்களைத் தேசியமயமாக்கவில்லை. மாறாகச் சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி விதித்தது. ஐரோப்பியச் சமூகம் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு செய்துகொண்ட 1975 லோமே ஒப்பந்தத்தின்கீழ், ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் சர்க்கரையை உறுதியளிக்கப்பட்ட விலையில் ஐரோப்பா வாங்கிக்கொண்டது. பல ஆண்டுகளில் அந்த விலை உலகச் சந்தை விலையைவிட மிக உயர்வாக இருந்தது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு அரசுக்கு வரியாக வந்து, இலவச மருத்துவத்துக்கும், முதியோர் ஓய்வூதியத்துக்கும், 1977 முதல் இலவச இடைநிலைக் கல்விக்கும் உதவியது. மறுபங்கு தோட்ட முதலாளிகளின் கையிலேயே தங்கி, ஆடை ஆலைகளாகவும் விடுதிகளாகவும் உள்நாட்டிலேயே முதலீடானது. தோட்டங்களைப் பறித்திருந்தால் இந்த இரண்டாம் பங்கு நாட்டை விட்டே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

புதிய தொழிலுக்கான சட்டத்தை எழுதும்போது நாட்டின் அளவை மனத்தில் வைக்க வேண்டும். 1970இன் ஏற்றுமதி மண்டலச் சட்டம், பெயரில்தான் மண்டலத்தைக் கொண்டிருந்தது. வேலியிட்ட ஒரே வளாகம் என்ற கட்டாயம் இல்லை. ஏற்றுமதிக்காகவே உற்பத்தி செய்யும் ஆலை தீவின் எந்தப் பகுதியில் இருந்தாலும் சான்றிதழ் பெறலாம். அதன் பின் இயந்திரத்துக்கும் நூலுக்கும் துணிக்கும் சுங்கவரி கிடையாது, சில ஆண்டுகளுக்கு வருமான வரி விலக்கும் உண்டு, லாபத்தையும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இதனால் தையல் ஆலைகள் கரும்புக் கிராமங்களின் பக்கத்திலேயே எழுந்தன; அதுவரை வெளியே சம்பளத்துக்குப் போகாத பெண்கள் வீட்டிலிருந்தே காலையில் பேருந்தேறி வேலைக்குப் போய்வர முடிந்தது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று பணக்கார நாடுகள் ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருந்தன; வேறு இடங்களில் அந்த வரம்பை எட்டிவிட்ட ஹாங்காங் ஆடை நிறுவனங்களுக்கும் இத்தீவு வசதியாக அமைந்தது. எடுவார் லிம் ஃபாட் போன்ற சீன வம்சாவளி மொரீசியர்கள் இந்தத் திட்டத்தை முன்னின்று வலியுறுத்தினார்கள். நாட்டில் உள்ள ஒவ்வொரு சமூகத்துக்கும் வெளியே எங்கெங்கே தொடர்பு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். ஆனால் அந்த ஆலைகளில் கூலி குறைவு, கூடுதல் நேர வேலை அதிகம். தொழிலாளர் பாதுகாப்பை முதலிலேயே சட்டத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளில் செலவைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது. 1970களின் நடுவில் சர்க்கரை விலை ஏறியபோது அரசும் செலவை ஏற்றியது. விலை சரிந்ததும் பற்றாக்குறை முற்றி, 1979இலும் 1981இலும் ரூபாயின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. சிக்கனம் பார்த்த அந்த ஆண்டுகளிலும் இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் அரசு கைவிடவில்லை. 1982 தேர்தலில் ஆளுங்கட்சி படுதோல்வி அடைந்தது. ஆனாலும் அடுத்து வந்தவர்கள் ஏற்றுமதிக் கொள்கையை மாற்றவில்லை. 1980களின் முடிவில், வேலையின்மைக்குப் பெயர்போன அந்தத் தீவில் ஆலைகள் ஆள் கிடைக்காமல் தவித்தன.

கடைசியாக, பிறர் கொடுக்கும் சலுகை ஒவ்வொன்றுக்கும் முடிவு ஆண்டு ஒன்றைத் திட்டத்திலேயே குறித்துவைக்க வேண்டும். உலக ஆடை ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிந்தது. அதையடுத்து ஐரோப்பாவும் சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சர்க்கரை ஆலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்து, எபேனில் கணினி நகரம் எழுப்பி நாடு சமாளித்தது. நிதிச் சேவைத் துறையிலும் இதே சிக்கல் வந்தது: இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தை நம்பி வளர்ந்த முதலீட்டு வணிகம், 2016இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, இந்தியப் பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்ற தன் முக்கியச் சலுகையை இழந்தது. எனவே திட்ட அமைச்சகம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தோடு, எந்த வருமானம் எந்த நாட்டின் எந்தச் சட்டத்தைச் சார்ந்திருக்கிறது, அது எப்போது மாறக்கூடும் என்ற அட்டவணையையும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.