பிப்ரவரிக்கு போஸ்டர் அடிக்கும் முன்

ஜனவரி மூன்றாவது வாரம் ஆனால் போதும், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் யாராவது என் அறைக் கதவைத் தட்டுவார். இந்த வருடம் வந்தவர் திருச்சிக்காரர். "அண்ணா, கறுப்பின வரலாற்று மாதத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கேன், பாருங்களேன்." பார்த்தேன். மார்ட்டின் லூதர் கிங் வீடியோ, ஒரு பிரபலத்தின் உரை, சாப்பாடு. இதே அமெரிக்கக் கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் போட்ட பட்டியல், வரிசை கூட மாறாமல்!

மைக் வேலை செய்யாதது, போஸ்டரில் பெயர் தப்பாகப் போவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத தப்புகள் மட்டும் கீழே.

கேட்காமல் பந்தி போடுவது

முதல் வருடம் என் கையில் மொத்த பட்ஜெட்டும் இருந்தது. டிவியில் வரும் ஒருவரைப் பேச அழைத்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்தேன். 400 பேர் உட்காரும் அரங்கம். போஸ்டர் அச்சுக்குப் போன பிறகுதான் கறுப்பின மாணவர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: வாசலில் நின்று வரவேற்கப் பத்துப் பேர் வேண்டும்.

மறுநாள் சங்கத்தின் தலைவி நேரில் வந்தார், கடைசி வருட மாணவி. குரலை உயர்த்தவில்லை. "அக்டோபரில் ஒரு கடிதம் கொடுத்திருந்தோமே, படித்தீர்களா?" என்றார். மேஜையில் இருந்த தட்டைக் கிளறினேன். அடியில் கிடந்தது. அறுபதுகளில் இங்கே படித்த கறுப்பின மாணவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்க வேண்டும், நூலகத்தில் பழைய படங்களோடு வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேட்ட தொகை, பேச்சாளரின் விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் ஆனதைவிடக் குறைவு.

விழாவுக்கு வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும். அதில் பாதி, வகுப்பில் மதிப்பெண் கிடைக்கும் என்று வந்த கூட்டம். படம் எடுக்க வந்தவர், பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று கறுப்பின மாணவர்களை முன் வரிசைக்கு வரச் சொன்னார். எழுந்து வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் படம்தான் அடுத்த வருடக் கல்லூரிக் கையேட்டின் அட்டை.

செலவான பணம் ஜூலையில் புது பட்ஜெட்டோடு திரும்பி வந்தது. பேட்டிப் பட்டியலில் முதல் பெயராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அந்தக் கோடையிலேயே இறந்துபோனார். அவர் எந்த விடுதியில் தங்கினார், யாரோடு சாப்பிட்டார் என்பதற்கு இன்று எங்களிடம் ஒரு வரி கிடையாது.

இத்தனைக்கும் இந்த மாதமே மாணவர்கள் கேட்டு வந்ததுதான். வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன் 1926இல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' என்று தொடங்கினார்; அதிபர் லிங்கன், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் வருகிற பிப்ரவரி வாரம். அதை மாதமாக்கச் சொல்லி 1969இல் கேட்டவர்கள் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும். அடுத்த வருடமே அங்கே கொண்டாடினார்கள். அதிபர் ஃபோர்டு வாழ்த்துச் சொன்னது 1976இல். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியிலோ, கறுப்பின மாணவர் சங்கமும் மற்ற மாணவர்களும் 1968 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் மார்ச் வரை ஓடியது. இனவியல் படிப்புக்கென்று தனிக் கல்லூரி அதில்தான் கிடைத்தது. அப்படிப்பட்டவர்களின் வாரிசுகளை நான் வாசலில் பன்னீர் தெளிக்கக் கூப்பிட்டேன்.

இப்போது செப்டம்பரிலேயே பட்ஜெட் தாளோடு அவர்கள் கூட்டத்துக்குப் போகிறேன். வேலை செய்யும் மாணவருக்கு மணிக்கணக்கில் சம்பளம். 'அனுபவம் கிடைக்குமே' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

கிங் மட்டும்

அதுவும் ஒரே உரை, ஒரே வரி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்காரர்களைக் காட்டுங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உல்வொர்த் கடை மேஜையில் போய் உட்கார்ந்த நால்வரும் கல்லூரியில் முதல் வருடம். 1968 பிப்ரவரி 8 அன்று தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில் மூன்று இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பிரச்சினை ஒரு பௌலிங் விளையாட்டு அரங்கில் தொடங்கியது. கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை.

சாப்பாடு

பொரித்த கோழியும் தர்பூசணியும் வேண்டாம். அந்தப் பழத்தை வைத்துக் கேலிச்சித்திரம் போட்டே ஒரு சமூகத்தை நூறு வருடத்துக்கு மேல் அவமானப்படுத்தியிருக்கிறார்கள்.

'நீக்ரோ'

பழைய பெயர்களிலும் பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும், நம் வாயில் வேண்டாம்.

எல்லோரும் ஒன்று என்ற நினைப்பு

"இந்தியாவா, அப்போ இந்தி தெரியுமே" என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளிடம், உங்கள் குடும்பம் அடிமை முறையில் பட்ட பாட்டைப் பேசுங்களேன் என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். "எங்க அப்பா அடிஸ் அபாபாவில் பார்மசி வைத்திருந்தார்" என்றாள். நைஜீரியாவின் லாகோஸ், ஜமைக்கா, அமெரிக்காவின் ஜார்ஜியா, ஒவ்வொன்றும் வேறு கதை.

ஸ்ட்ரோல்

கறுப்பின மாணவர் சகோதரத்துவ அமைப்புகளின் ஸ்ட்ரோல் என்ற வரிசை நடனமும் கை முத்திரையும் கூவலும் உறுப்பினர்களுக்கு மட்டும். ஆல்பா ஃபை ஆல்பா 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, பெண்களுக்கான ஆல்பா கப்பா ஆல்பா 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். நம்ம ஊர்ப் பெண் ஷ்யாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தது பின்னதில். அந்தச் சொந்தத்தை நினைத்துத் தீபாவளி மேடையில் அதை ஆடிப் பார்க்காதீர்கள்.

காந்தியை நுழைப்பது

இந்திய மாணவர் சங்கம் வருடா வருடம் கேட்கும். கிங் காந்தியிடம் கற்றது உண்மைதான். ஆனால் கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் வைத்த காந்தி சிலையை 2018இல் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த இளம் காந்தி ஆப்பிரிக்கர்களைப் பற்றி இழிவாக எழுதியதே காரணம். அதையும் சேர்த்துப் பேசத் தயார் என்றால் வாருங்கள் என்பேன். இதுவரை யாரும் திரும்பி வரவில்லை.

திருச்சிக்காரரிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, "சங்கம் எந்தக் கிழமை கூடும்?" என்றேன். தெரியவில்லை. செவ்வாய், மாலை ஆறு மணி, நூலகத்தின் இரண்டாம் மாடி. அன்று திங்கள்.