விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, பழைய லெப்டொப்ப என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் அப்டேட் குடுக்கிறத நிப்பாட்டிருச்சு. அதுக்காக அன்னைக்கு ராத்திரியே உங்க லெப்டொப் செத்துப் போகல, இன்னைக்கும் ஓன் ஆகும், படம் ஓடும், வேர்ட் திறக்கும். அதனாலதான் நெறைய பேர் இத கணக்குலயே எடுக்கல. ஆனா ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு நம்ம பக்கம் வீடுகள்ல இருக்கிறதுல பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் லெப்டொப்தான், கொழும்புல வேலை செய்ற அண்ணன் குடுத்தது, வெளிநாட்டுல இருந்து சித்தி கொண்டு வந்தது, அதெல்லாம் விண்டோஸ் 11 எடுக்காத வயசு. கடைக்கு கொண்டு போனா ரெண்டு பதில்தான் வரும். ஒன்னு "புதுசு வாங்குங்க", இல்லாட்டி "குடுத்துட்டு போங்க, நான் 11 போட்டு தாரேன்". ரெண்டுமே தேவையில்லாம இருக்கலாம், அதுக்குத்தான் இது.

அப்டேட் வராட்டி என்ன இப்போன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு ஒதாரணம். வொனாக்ரைன்னு 2017 மே மாசம் ஒலகம் முழுக்க கொம்பியூட்டர்கள பூட்டி காசு கேட்டுச்சே, அது உள்ள நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் மார்ச் மாசமே அப்டேட் விட்டுருச்சு. ரெண்டு மாசமா அத போடாதவங்கதான் மாட்டினாங்க. நம்ம நாட்டுலயே 2023 ஆகஸ்ட்ல அரசாங்கத்தோட கிளவுட்ட அதே மாதிரி பூட்டி காசு கேக்கிற ரென்சம்வெயார் தாக்கி சுமார் 5000 ஈமெயில் முகவரிகளோட மெயில், மே 17ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்கும் உள்ளது, போயே போச்சு. அங்க ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013ன்னு மைக்ரோசொஃப்டோட மெயில் சொஃப்ட்வெயார், அதுக்கு சப்போர்ட் அந்த வருஷம் ஏப்ரல்லயே முடிஞ்சிருந்துச்சு, அந்த காலத்துக்கு உருப்படியா பேக்அப்பும் இல்ல. அரசாங்கத்துக்கே அந்த கதின்னா வீட்டுல சொல்லவே வேணாம்.

சரி, மொதல்ல உங்க மெஷின் விண்டோஸ் 11க்கு சரி வருமான்னு பாருங்க. பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசொஃப்டோட எப் ஒன்னு இருக்கு, ஃப்ரீ. கண்ணால பாக்கணும்னா ப்ரொசசர் பேர பாருங்க, ஐ5ன்னு போட்டு கோடு போட்டு 8250ன்னு இருந்தா எட்டாவது ஜெனரேஷன், 3320ன்னு இருந்தா மூனாவது. இன்டெல்னா பொதுவா எட்டுல இருந்துதான் 11 எடுக்கும், அதோட டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க். (4 ஜிபில 11 ஓட்டறதுன்னா பொறுமை வேணும், சாதாரண பொறுமை காணாது.) சரி வந்தா செட்டிங்ஸ்லயே அப்டேட் வரும், போட்டுட்டு வேலைய பாருங்க, மிச்சத்துல பேக்அப் பத்தி சொல்றத மட்டும் படிச்சா காணும்.

சரி வராட்டி அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் டைம் இருக்கு. வீட்டு பாவனையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் நீட்டி குடுத்திருக்காங்க, மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட்ல லொக்இன் ஆகணும், செட்டிங்ஸ சிங்க் பண்ணினா காசு இல்ல, சிங்க் வேணாம்னா 30 டொலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கு லிங்க் வரும், ஆனா விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷன் 22எச்2ல இருக்கணும். பரீட்சை நெருங்குற பிள்ளைங்க, அசைன்மென்ட் முடிக்காதவங்க இத போட்டுட்டு லீவுல மாத்துங்க.

கடைக்காரர் சொல்ற "11 போட்டு தாரேன்" இருக்கே, அது டிபிஎம் செக்க தாண்டி போடுறது. ஏலாதுன்னு இல்ல, ஓடும். ஆனா அப்பிடிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் குடுக்காது, வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பெரிய அப்டேட் தானா வராது, திரும்ப கடைக்குத்தான் போகணும். அதோட சேத்து, லைசன்ஸ் இல்லாத விண்டோஸ அசல் மாதிரி காட்ட எக்டிவேட்டர்னு ஒன்ன ஓட விடுவாங்க பாருங்க, அதுதான் எனக்கு பிடிக்காத விஷயம். அத ஓட்றதுக்கு மொதல்ல என்ன செய்ய சொல்றாங்க? எண்டிவைரஸ ஓஃப் பண்ண சொல்றாங்க! யாரு எழுதினதுன்னே தெரியாத ஒரு ப்ரோக்ராமுக்கு எட்மின் ரைட்ஸ் குடுத்துட்டு அதுக்கப்புறம் அந்த மெஷின்லயே பேங்க் வேலை பாக்கிறது, வீட்டு சாவிய பஸ்ல பக்கத்து சீட்காரர்கிட்ட குடுக்கிற மாதிரி.

நான் சொல்றது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்கு பதிலா போடுற ஃப்ரீ ஓஎஸ் (மெஷின ஓட்டுற அடிப்படை சொஃப்ட்வெயார்). ஆனா எல்லாருக்கும் இல்ல, அத முன்கூட்டியே சொல்லிர்றேன். ஸ்டூடியோ வச்சிருக்கிறவங்க, போட்டோஷொப் இல்லாம வேலை இல்லாதவங்க, ஓட்டோகேட் படிக்கிறவங்க, வெலரன்ட் மாதிரி கேம் ஆடுற தம்பிமாரு, இவங்களுக்கு இது வேணாம், அதெல்லாம் இதுல ஓடாது. மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸும் நேரா போட ஏலாது, ப்ரவுசர்ல ஒன்லைன் வேர்ட் வேலை செய்யும். கொமியூனிகேஷன் (ப்ரின்ட், ஃபோட்டோ கொப்பி எடுக்கிற கடை) வச்சிருக்கிறவங்களும் கொஞ்சம் யோசிக்கணும், ப்ரின்டர் கதை கீழ வருது. ஆனா வீட்டுல லெப்டொப்ல நடக்கிற வேலை என்னன்னு நெசமா பாத்தா ப்ரவுசர், சூம் கிளாஸ், யூடியூப், வட்ஸ்அப் வெப், பாடம் பாக்கிற இ-தக்சலாவ, ஒரு சிவி டைப் பண்றது, படம் பாக்கிறது. இதுக்கெல்லாம் மின்ட் தாராளமா காணும்.

ஏன் மின்ட்னா, மெனு இடது பக்கம் கீழ, கடிகாரம் வலது பக்கம் கீழ, விண்டோஸ் 7 பாவிச்ச கை அதுபாட்டுக்கு போகும். ஓஎஸ்ஸ தேர்ந்தெடுக்கிறப்ப நமக்கு பிடிச்சத பாக்க கூடாது, வீட்டுல யாரு பாவிக்கிறாங்களோ அவங்கள பாக்கணும். எங்க மாமாவுக்கு போட்டு குடுத்தப்ப அவர் கேட்டது ஒன்னுதான், "தம்பி, பேப்பர் படிக்கிறது எங்க இருக்கு?" ஃபயர்ஃபொக்ஸ டெஸ்க்டொப்ல காட்டினேன், சரின்னுட்டாரு, ஓஎஸ் மாறினது அவருக்கு ஒரு விஷயமே இல்ல. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04ஐ அடிப்படையா வச்சது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. மின்ட்ல தோற்றம் வேற வேற வகை இருக்கு, ரேம் 4 ஜிபி இருந்தா சினமன், அதுக்கு கீழ, இல்லாட்டி மெஷின் சரியான பழசுன்னா எக்ஸ்எஃப்சிஇ எடுங்க. கூகுளோட குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்னும் ஒன்னு இருக்கு, ப்ரவுசர் மட்டும் காணும்னா பரவால்ல, ஆனா நம்ம பக்கம் சிக்னல் இருக்கிற லட்சணத்துக்கு எல்லாத்தையும் இன்டர்நெட்ட நம்பி வைக்க எனக்கு மனசு வரல.

ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இன்னும் ஹார்ட் டிஸ்க் இருக்கான்னு பாருங்க. இருந்தா காச அங்க போடுங்க, ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் எடத்துலயே போடுற வேகமான டிஸ்க்). பழைய லெப்டொப் ஸ்லோன்னு சொல்றதுல பெரும்பாலும் ப்ரொசசர்ல தப்பு இல்ல, டிஸ்க்லதான்.

இப்போ பேக்அப். போட்டோ, பிள்ளைங்க நோட்ஸ், பர்த் சர்டிபிகட் ஸ்கேன், எல்லாத்தையும் வெளி டிஸ்க் ஒன்னுக்கு கொப்பி பண்ணி, இன்னொரு மெஷின்ல போட்டு திறந்து பாருங்க, திறந்து பாக்காத பேக்அப் பேக்அப்பே இல்ல. ப்ரவுசர்ல சேவ் ஆகியிருக்கிற பாஸ்வேர்ட், புக்மார்க் ரெண்டையும் மறக்காதீங்க, எல்லாரும் விடுறது அதத்தான். முக்கியமான டொகியுமென்ட் மட்டும் ஒன்லைன்லயும் ஒரு கொப்பி இருக்கணும். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்து மலை சரிஞ்சப்ப லெப்டொப்பும் பேக்அப் டிஸ்க்கும் ஒரே அலமாரில இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

மின்ட்ட போடுறதுக்கு டவுன்லோட் பண்ற ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி வரும், நைட் டேட்டா பெக்கேஜ் இருந்தா நடுராத்திரிக்கு அப்புறம் போட்டுட்டு தூங்குங்க. லினக்ஸ் மின்ட்டோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எடுங்க. எடுத்ததுக்கப்புறம் எஸ்எச்ஏ 256 கோட் (ஃபைல யாரும் மாத்தலைன்னு காட்டுறது) சரியான்னு பாக்கணும், இது சும்மா சடங்கு இல்ல, 2016 பெப்ரவரில மின்ட்டோட சைட்டையே ஹேக் பண்ணி கள்ள ஐஎஸ்ஓக்கு லிங்க் குடுத்தாங்க, ஒரு நாள் எடுத்தவங்க பேக்டோரோடதான் (வெளியாள் உள்ள நுழையிற கள்ள வழி) எடுத்தாங்க. கமாண்ட் டைப் பண்ற டெர்மினல் எதுவும் வேணாம், ரூஃபஸ்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கு, அதுல ஐஎஸ்ஓவ செலக்ட் பண்ணி பக்கத்துல இருக்கிற டிக் பட்டன அமுக்குனா அந்த கோட் வரும், சைட்ல இருக்கிறதோட ஒப்பிட்டு பாருங்க. ஒரே மாதிரி இருந்தா அதே ரூஃபஸ்ல 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்ன போட்டு ஸ்டார்ட் குடுங்க. பென்ல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும்.

மெஷின ஓஃப் பண்ணி, பென்ன சொருகி, ஓன் பண்ணின ஒடனே பூட் மெனு கீய தட்டிக்கிட்டே இருங்க, டெல், லெனோவோனா பெரும்பாலும் எஃப்12, எச்பினா எஃப்9. எசர்லயும் எஃப்12தான், ஆனா பயோஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) அத ஓன் பண்ணினாத்தான் வேலை செய்யும். வந்தா மின்ட் பென்ல இருந்தே ஓடும், டிஸ்க்ல எதுவும் எழுதாது. இந்த எடத்துலதான் ஆளுங்க அவசரப்பட்டு இன்ஸ்டோல் ஐகன அமுக்கிர்றாங்க. வேணாம். வைஃபை வருதா, சத்தம் வருதா, கேமரா, ஸ்க்ரீன் வெளிச்சம் கூட்டி குறைக்கிறது, மூடி திறந்தா முழிக்குதா, எல்லாம் பாருங்க. பென்ல ஓடுறதால ஸ்லோவா இருக்கும், அத வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. ப்ரோட்கொம் வைஃபை கார்ட் உள்ள பழைய மெஷின்ல வைஃபை வராம இருக்கும், போன யூஎஸ்பில சொருகி டெதரிங் (போன் இன்டர்நெட்ட லெப்டொப்புக்கு குடுக்கிறது) போட்டுட்டு ட்ரைவர் மெனேஜர திறந்தா அனேகமா ட்ரைவர் கிடைக்கும்.

இன்னொன்னு, எந்த சைட் போனாலும் பாதுகாப்பு இல்லன்னு வோர்னிங் வந்தா மொதல்ல மெஷின்ல திகதிய பாருங்க. மதர்போர்ட்ல இருக்கிற காசு மாதிரி பெட்டரி செத்துப் போய் 2010னு காட்டினா எல்லா சைட்டோட சர்டிபிகட்டும் தப்பாத்தான் தெரியும். பெட்டரிய மாத்துங்க, வோர்னிங்க தாண்டி போய் பழகாதீங்க.

எல்லாம் சரின்னா இன்ஸ்டோல். காலையில செய்யுங்க. ஏப்ரல், ஒக்டோபர் மாசங்கள்ல நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல இடி மழை இறங்கும், கரண்ட் போகும், பழைய லெப்டொப்ல பெட்டரியும் நிக்காது, பாதில நின்னா திரும்ப மொதல்ல இருந்து. டிஸ்க்க முழுசா அழிச்சு போடுறதா, விண்டோஸ் பக்கத்துல போடுறதான்னு கேக்கும். 128 ஜிபி டிஸ்க்ல ரெண்டையும் வைக்கிறது என் அபிப்பிராயத்துல வீண், ரெண்டுக்கும் எடம் காணாது. வச்சே ஆகணும்னா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஓஃப் பண்ணிட்டு செய்யுங்க. லெப்டொப்ப பஸ்ல ரயில்ல தூக்கிட்டு போறவங்க அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்ல என்க்ரிப்ஷன போடுங்க, களவு போனாலும் உள்ள இருக்கிறத யாரும் பாக்க ஏலாது, ஆனா அந்த பாஸ்வேர்ட மறந்தா உங்களுக்கும் அதே கதிதான், ஒரு கொப்பில எழுதி வீட்டுல வைங்க.

போட்டு முடிச்ச ஒடனே அப்டேட் மெனேஜர், அப்புறம் டைம்ஷிஃப்ட். டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்னெப்ஷொட் எடுத்து வச்சா ஏதாவது கொழம்பினா பழைய நிலைக்கு போகலாம், ஆனா அது சிஸ்டத்துக்குத்தான், உங்க போட்டோவுக்கு இல்ல. ஃபயர்வோல் ஓஃப்ல இருக்கும், மெனுல தேடி ஓன் பண்ணுங்க. தமிழ் டைப் பண்ண சொஃப்ட்வெயார் மெனேஜர்ல ஐபஸ்-எம்17என் போட்டுட்டு லொக்அவுட் ஆகி வந்தா தமிழ்99, ரெங்கநாதன், ஃபொனெட்டிக்னு கீபோர்ட் முறை எல்லாம் இருக்கும். டைப்ரைட்டர் பழகினவங்க, பாமினி ஃபொன்ட்ல அடிச்சு பழகினவங்க ரெங்கநாதன பாருங்க. பாமினில அடிச்ச பழைய ஃபைல திறந்தா இங்கிலிஷ் எழுத்தா குப்பையா தெரியும், பாமினி ஃபொன்ட் ஃபைல போட்டா சரியாகிரும், ஆனா புதுசா அடிக்கிறத யூனிகோட்லயே அடிங்க.

ப்ரின்டர். எச்பி பெரும்பாலும் சொருகின ஒடனே வேலை செய்யும். கெனன் எல்பிபி 2900 இருக்கே, கொமியூனிகேஷன்ல எல்லாம் இருக்கிறது, அது லினக்ஸோட மல்லுக்கட்டும். அந்த ப்ரின்டர்தான் உங்க பொழப்புன்னா விண்டோஸ்லயே இருங்க. மின்ட்டோட வர்ற லிப்ரே ஒஃபிஸ்ல (வேர்டுக்கு பதிலா உள்ளது) அடிச்சத வெளில ப்ரின்ட் எடுக்கிறதா இருந்தா பிடிஎஃப் ஆக்கி கொண்டு போங்க, டொக்எக்ஸா கொண்டு போனா அவங்க வேர்ட்ல பக்கம் கலைஞ்சு வரலாம்.

லினக்ஸுக்கு வைரஸே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கொமியூனிகேஷன்ல சொருகின பென்ல ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறுமே, அந்த வைரஸ் இதுல ஓடாது, உண்மைதான். ஆனா 2024 மார்ச்ல எக்ஸ்இசட்னு லினக்ஸ் ஒலகமே பாவிக்கிற ஒரு சின்ன டூல்குள்ளயே ஒருத்தர் பேக்டோர் வச்சிருந்தாரு, அரை செக்கன் லேட் ஆகுதேன்னு இன்னொரு டெவலப்பர் நோண்டி பாத்ததுல தப்பிச்சோம். அதவிட நம்ம ஆளுங்க ஏமாறுறது எதுலன்னு பாத்தா, பார்சல் வந்திருக்கு, லொத்தர் விழுந்திருக்கு, ஓடிபி சொல்லுங்கன்னு வர்ற மெசேஜ்லதான், அதுக்கு எந்த ஓஎஸ்ஸும் மருந்து இல்ல. ஜிமெயில், ஃபேஸ்புக் ரெண்டுக்கும் ரெண்டு படி லொக்இன் போடுங்க, பிள்ளைங்களுக்கு எட்மின் இல்லாத தனி அக்கவுண்ட் போடுங்க, இன்டர்நெட்ல கண்ட கமாண்ட கொப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டாதீங்க. அக்கவுண்ட் ஹேக் ஆகிட்டா சைபர் பாதுகாப்ப பாக்கிற அரசாங்க அமைப்பு ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101க்கு அடிச்சு கதைக்கலாம்.

எஸ்எஸ்டி போட்டவங்க கழட்டின பழைய ஹார்ட் டிஸ்க்க கடையிலயே விட்டுட்டு வராதீங்க, உங்க பழைய ஃபைல் பூரா அதுலதான் இருக்கு. கையோட வாங்கிக்கிட்டு, 2.5 இஞ்சி யூஎஸ்பி கேஸிங் ஒன்னு வாங்கி அதுக்குள்ள போட்டா மாசத்துக்கு ஒருக்கா பேக்அப் எடுக்கிற டிஸ்க் அதுவே ஆகிரும்.