கோலார் தங்கவயலை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் கிளைப்பாதை ரயிலைப் பிடியுங்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என நிலையப் பெயர்களே சுரங்க வரலாறு. இந்த ரயில்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தை ஒட்டி ஓடுபவை, நடுப்பகலில் இடைவெளி அதிகம். அதனால் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் தங்கவயலின் கடைவீதிப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பஸ் உண்டு.

கடைசி நிலையமான மாரிக்குப்பத்தில் இறங்கி, ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை நோக்கித் திரும்பி வருவது நல்லது. வெயில் ஏறுமுன் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தின் பக்கத்தை முடித்துவிடலாம். இங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. 2001 பிப்ரவரி 28-இல் மூடியபின் குழிகளில் நீர் நிரம்பிவிட்டது, உள்ளே போக வழியில்லை. சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், பழைய குழிவாய்கள் புதருக்குள் மறைந்திருக்கும். சாலையிலிருந்தே இரும்புக் கோபுரத்தைப் பாருங்கள். உச்சியில் இருக்கும் சக்கரத்தில் ஓடிய கம்பிவடம்தான் ஆட்களை ஏற்றிய கூண்டைத் தாங்கியது. இந்தச் சுரங்கங்களுக்கு 1902-லேயே காவிரிக்கரைச் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது.

அடுத்து சயனைடு மேடுகள். தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு இது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெளிர்சாம்பல் நிறத்தில், மழைநீர் அறுத்த வாய்க்கால்களோடு இருக்கும். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேலே ஏறாதீர்கள். விளிம்பு சரியும், காற்றடித்தால் தூள் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது இந்தத் தூளைத்தான். முகக்கவசம் கட்டாயம். அடிவாரத்தில் தேங்கிய நீரைத் தொடக்கூடாது.

பெத்தபள்ளி அருகே தலையணை எரிமலைப்பாறைகள் இருக்கின்றன, நீருக்கடியில் வழிந்த எரிமலைக்குழம்பு தலையணை வடிவில் உறைந்தவை. இவை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், துண்டு உடைத்து எடுக்காதீர்கள். நேரமிருந்தால் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கும் ஆட்டோ பேசலாம்.

தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மட்டும் அவசரமில்லாமல் போங்கள். வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்களின் சந்ததிகள் இன்றும் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பேச்சுக்குத் தமிழே போதும். கேமராவை எடுக்குமுன் வாசலில் நின்று கேளுங்கள். திண்ணையில் பெரியவர் யாராவது இருந்தால், எந்த ஷாஃப்டில் (சுரங்கக் குழியில்) இறங்கினார் என்று கேட்டுப் பாருங்கள்.