‘உங்க’: ஐரிஷ் களிம்புச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யு, என், ஜி, ஏ, டி, எச். ஐரிஷ் மொழியில் இந்த ஆறு எழுத்தைப் பார்த்ததும் ‘உங்கத்’ என்று படிக்கத்தான் நாக்கு போகும். அதுதான் முதல் தவறு. கடைசி இரண்டெழுத்துக்கும் இங்கே தனி ஒலி கிடையாது. ‘உங்க வீடு’ என்கிறோமே, அந்த ‘உங்க’ போலச் சொன்னால் கிட்டத்தட்ட சரி. வடக்கே டோனிகால் பக்கம் கடைசி ஒலி உகரமாகிவிடும்.

தமிழில் தடவுகிற பொருள் களிம்பு, தடவுகிற செயல் பூசுதல். ஐரிஷில் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான். அதனால் எங்கே பார்த்தாலும் ‘களிம்பு’ என்று போட்டுவிடக் கூடாது. விவிலியத்தில் அரசனுக்கு நடப்பது திருப்பொழிவு. அங்கே களிம்பு வந்தால் சிரிப்புதான் வரும்.

முன்னால் ‘அன்’ என்ற சுட்டு வந்தால் ஒரு ‘த்’ ஒட்டிக்கொண்டு ‘அன் துங்க’ என்று கேட்கும். அகராதியில் டி வரிசையில் தேடினால் கிடைக்காது, யு வரிசைக்குப் போங்கள். (அதே வரிசையில் வரும் ‘உங்கார்’ ஹங்கேரி நாடு. களிம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பலரும் வழுக்குவது ‘ஒல’ என்ற சொல்லில். பொருள் எண்ணெய், பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ‘ஒல’தான். ஆனால் ‘ஃகுர் அன் ஸகர்த் அன் ஒல எர்’ என்று ஒருவர் சொன்னால், ‘பாதிரியார் அவர்மேல் எண்ணெய் வைத்தார்’ என்று பெயர்க்காதீர்கள். ஆள் சாகக் கிடந்தார், பாதிரியார் வந்து பூசிவிட்டுப் போனார் என்று அர்த்தம். நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழைய ஆட்கள் ‘அவஸ்தைபூசுதல்’ என்பார்களே, அதேதான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல் போப் ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியமைத்தார். சாகும் தறுவாய் வரை காத்திருக்க வேண்டாம், கடும் நோய் என்றாலே போதும் என்றானது. தமிழிலும் ‘நோயில்பூசுதல்’ வந்துவிட்டது. எனவே பழைய கதை என்றால் ‘அவஸ்தை’யை நீக்காதீர்கள், இன்றைய மருத்துவமனைக் காட்சி என்றால் அதைப் போடாதீர்கள்.

அப்புறம், ஒலி ஒத்துப்போகாததால் உறவில்லை என்று நினைப்பதும் தவறு. ஐரிஷில் வெண்ணெய்க்கு ‘இம்’ என்று பெயர். பூசுதலைக் குறிக்கும் லத்தீன் ‘உங்குவேரே’வுக்கும் அதற்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். சமஸ்கிருத ‘அஞ்ஜ்’ என்ற வினையும் அங்கிருந்து வந்ததே. கண்ணில் தீட்டும் அஞ்சனம் அதன் வழியாகத்தான் தமிழுக்கு வந்தது.