மலையிலிருந்து அந்தமானுக்கு: தூண்டில் சாமான் எவ்வளவு கட்டுவது?

நீலகிரியில் எமரால்டு அணையில் கெண்டையும் அவலாஞ்சியில் டிரவுட்டும் பிடித்துப் பழகிய கை, அந்தமான் கடலுக்கு மூட்டை கட்டும்போது பெரும்பாலும் இரண்டு பக்கமும் தவறும். சிலர் இங்கே உதவியதையே கொஞ்சம் தடிமனாக்கி எடுத்துப் போவார்கள். சிலர் பயந்துபோய் இருபது கிலோ லூரை (செயற்கை இரை) வாங்கிக் குவிப்பார்கள். முன்னவருக்கு முதல் நாளே தூண்டில் முள் நிமிர்ந்துவிடும். பின்னவர் கோவை விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிட்டு, கொண்டுபோனதில் பாதியைப் பெட்டியை விட்டு எடுக்காமலே திரும்புவார்.

எத்தனை மீன் கிடைக்கும், என்னென்ன மீன் கிடைக்கும் என்ற யோசனையில் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும். ஒரு நாளில் எது எவ்வளவு தொலையும், எது உடையும் என்று கேட்டால் கணக்கு ஓர் இடத்தில் நிற்கும். தொலைவது லூர், ஜிக் (ஆழத்தில் இறக்கும் கனமான உலோக இரை), லீடர் (நரம்பு நுனியில் கட்டும் தடித்த துண்டு), முள். உடைவது ராடு, சில சமயம் ரீல். பிளையர், கையுறை, பெல்ட் தொலைவதும் இல்லை, உடைவதும் இல்லை. அவற்றுக்கு உபரி வேண்டியதில்லை, சில சாமான்கள் படகுக்கு ஒன்று இருந்தாலே போதும்.

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

படகுக்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர்? நாளில் எவ்வளவு நேரம் பாப்பிங் (பாப்பர் என்ற மிதக்கும் லூரை வீசிச் சத்தமெழ இழுப்பது), எவ்வளவு நேரம் ஜிக்கிங் (ஜிக்கை ஆழத்தில் இறக்கி ஆட்டுவது)? ஜிக் இறக்கும் இடம் எத்தனை மீட்டர் ஆழம்? அவரிடம் இரவலாகவோ வாடகைக்கோ என்ன சாமான் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சு போதாது, படம் அனுப்பச் சொல்லுங்கள். 'எல்லாம் இருக்கு சார்' என்ற பதிலை நம்பிப் போனால், துருப்பிடித்த வளையத்தோடு இரண்டு பாப்பர் இருக்கும். மீன்பிடி உரிமம் அவரிடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு.

நான்கு பேர் போகும் படகில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பாப்பர் வீச முடியாது. முன்னால் இரண்டு பேர் நின்றாலே முள் யார் காதில் மாட்டும் என்று பார்க்க வேண்டியிருக்கும். மற்ற இருவர் ஜிக் போடுவார்கள், இல்லையென்றால் ஓய்வெடுப்பார்கள். ஆகவே உபரி ராடு ஆளுக்கு ஒன்று வேண்டாம், படகுக்கு ஒன்று போதும். பாதிச் சுமை இந்த ஒரு முடிவிலேயே இறங்கிவிடும்.

ராடும் ரீலும்

அவலாஞ்சி டிரவுட்டுக்கு 4 பவுண்டு தாங்கும் நரம்பே தாராளம். அந்தமானில் பாறை மீன் வகையில் பெரியதான ஜயன்ட் டிரவெலி, சுருக்கமாக ஜி.டி., 20, 30 கிலோவில் வரும். பவளப்பாறையை ஒட்டித்தான் நிற்கும். கவ்வியதும் பாறைக்குள் ஓடப் பார்க்கும், முதல் பத்து விநாடியில் நிறுத்தினால் உண்டு. அதனால்தான் இவ்வளவு தடித்த சாமான். விளையாட விட்டுப் பிடிக்கிற ஆற்றுப் பழக்கம் இங்கே உதவாது.

பாப்பிங்குக்கு பி.ஈ. 8 பிரெய்டு (பின்னிய நரம்பு, பி.ஈ. என்பது அதன் தடிமன் எண்), அதாவது ஏறத்தாழ 80 பவுண்டு, 300 மீட்டர் கொள்ளும் ஸ்பின்னிங் ரீல் வேண்டும். ஷிமானோ அளவில் 18000. ஜிக்கிங்குக்கு பி.ஈ. 4 அல்லது 5 போதும், ரீலும் ஒரு படி சிறியது. மூன்றாவதாக, சிறு பாறை மீன், சூரை, சீலா போன்றவற்றுக்கு 30 பவுண்டு நரம்புள்ள இலகுவான ராடு ஒன்று நான்கு பேருக்குமாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். கடல் கொந்தளித்து வெளியே போக முடியாத நாளில் தீவு மறைவில் அதுதான் கை கொடுக்கும்.

உபரி ரீல் வாங்குவதைவிட உபரி ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும், கழற்றி மாட்டும் பாகம்) நல்லது. பிரெய்டு பாதியில் அறுந்து 150 மீட்டர்தான் மிஞ்சினால் அந்த ஸ்பூலை வைத்துப் பெரிய மீனோடு மோத முடியாது. நரம்பு சுற்றிய ஸ்பூல் தயாராக இருந்தால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆடும் படகில் புதிய பிரெய்டு சுற்றினால் இறுக்கம் வராது. இறுக்கமில்லாத சுற்றுக்குள் மேல் நரம்பு புதைந்து, அடுத்த வீச்சில் பாப்பர் அறுந்து பறக்கும். வீட்டிலேயே, ஈரத்துணியால் பிடித்து இழுத்தபடி சுற்றுங்கள். அடியில் நைலான் நரம்பு நாலைந்து சுற்று போட்டு அதன்மேல் பிரெய்டு கட்டாவிட்டால், மீன் இழுக்கும்போது நரம்பு மொத்தமும் ஸ்பூலோடு வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டது என்று ரீலைத் திட்டுவார்கள்.

மலைவாசிகளுக்கு மட்டுமே உரிய ஒரு வேலையும் உண்டு. ஆடி மாத மழையிலும் மஞ்சிலும் அலமாரியில் கிடந்த ரீலில் கிரீஸ் கட்டிப்போயிருக்கும், நரம்பு ஓடும் உருளையின் பேரிங் இறுகியிருக்கும், கார்க் பிடியில் பூசணம் பூத்திருக்கும். கிளம்பும் வாரத்தில் பார்த்தால் உதிரிபாகம் வாங்க நேரம் இருக்காது. ஒரு மாதம் முன்பே திறந்து பாருங்கள்.

டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். 80 பவுண்டு என்றால் சுமார் 36 கிலோ, ஆக டிராக் 12 கிலோ. பச்சைத் தேயிலை எடை போடும் கொக்கித் தராசு யார் வீட்டிலாவது இருக்கும். நரம்பு நுனியை அதில் மாட்டி, ராடை மீனோடு போராடும் கோணத்தில் சாய்த்துப் பிடித்து, நரம்பு நகரத் தொடங்கும்போது தராசு முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 12 கிலோ எவ்வளவு கனம் என்பது அப்போதுதான் முதுகுக்குத் தெரியும். தாங்க முடியவில்லையென்றால் 8 கிலோவுக்கு இறக்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெல்ட் இல்லாமல் 12 கிலோவை முயலவே வேண்டாம்.

லூர், ஜிக்: இங்கேதான் எடை ஏறும்

பாப்பரும் ஸ்டிக் பெய்ட்டும் (குச்சி வடிவ லூர்) ஒவ்வொன்றும் 100 முதல் 160 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று தொலையும் என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் நான்கு சேருங்கள். நான்கு நாள் கடல் என்றால் எட்டு. இந்த எட்டில் வாய் அகன்ற பாப்பர் மூன்று, வாய் சிறிய பாப்பர் இரண்டு, மிதக்கும் ஸ்டிக் பெய்ட் இரண்டு, மூழ்குவது ஒன்று. நிறத்துக்காக ஒரே பாப்பரை ஆறு வண்ணத்தில் வாங்குவது கடைக்காரருக்கு மட்டுமே லாபம். வெளிறியது ஒன்று, கருத்தது ஒன்று, மத்தி நிறத்தில் ஒன்று இருந்தால் மீதி எல்லாம் உங்கள் மனத்திருப்திக்கு. மீன் எதிர்வினை காட்டுவது அசைவுக்கும் சத்தத்துக்கும்தான்.

ஜிக் விஷயத்தில் கை கொஞ்சம் இறுக வேண்டும். 80 மீட்டர் ஆழத்துக்கு 200 கிராம் ஜிக்கில் தொடங்கலாம். நீரோட்டம் இழுத்தால் 250, 300 வேண்டும். அடிப்பாறையில் மாட்டி நாளுக்கு இரண்டு போகும், களவா ஒன்று குகைக்குள் இழுத்துப் போனால் மூன்றாவதும் போகும். நான்கு நாளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு. ஒன்று சராசரி 220 கிராம் என்றால் மொத்தம் இரண்டரைக் கிலோவுக்கு மேல். தனியாகப் போகும் ஆள் முடிந்தால் இதைக் குறைத்து, மிச்சத்தைப் படகுக்காரரிடமே விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வைக்கலாம்.

எடையில்லாததைத் தாராளமாக

லூரைக் கணக்காக எடுங்கள், அதில் மாட்டுவதைத் தாராளமாக எடுங்கள். பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தச் சின்னச் சாமான் பற்றாக்குறைதான்.

முள்ளில் தொடங்குவோம். எட்டு லூருக்கு இரண்டு வீதம் பதினாறு, அதில் பாதியை உபரியாகச் சேர்த்தால் இருபத்துநான்கு. கடலுக்கென்றே செய்த தடித்த முள்ளாக இருக்கட்டும். ஒற்றை முள் 7/0 முதல் 11/0 வரை, லூரின் அளவுக்கேற்ப. மும்முனை முள் மிதக்கும் லூரைச் சமநிலையில் வைக்கும், ஆனால் மீனை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் கொம்பு (நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முனை) நசுக்கிய ஒற்றை முள்தான் நல்லது. கழற்றுவது சுலபம், மீனுக்கும் காயம் குறைவு, உங்கள் விரலுக்கும்தான். ஒற்றை முள்ளுக்கு மாற்றியதும் லூர் எப்படி மிதக்கிறது என்று ஒரு வாளித் தண்ணீரில் பார்த்துவிடுங்கள்.

ஜிக்குக்கான அசிஸ்ட் முள் (சிறு கயிற்றில் தொங்கும் முள்) பதினாறு ஜோடி. சீலாவும் வஞ்சிரமும் அதன் கயிற்றைப் பல்லால் வெட்டிவிடும், ஜிக் முழுசாக இருக்கும், முள் இருக்காது.

ஸ்பிளிட் ரிங் (லூரோடு முள்ளை இணைக்கும் வளையம்) 200 பவுண்டுக்குக் குறையாமல் தாங்குவது முப்பது. நன்னீர் லூரோடு வரும் வளையம் இங்கே நீண்டு திறந்துகொள்ளும். லூர் வாங்கியதும் அதோடு வந்த வளையத்தையும் முள்ளையும் சந்தேகப்படுங்கள்.

லீடர் கணக்கு: பாப்பிங்குக்கு 150 பவுண்டு நைலான், ஒரு முறைக்கு 2 மீட்டர், முடிச்சுக்கு 40 சென்டிமீட்டர். காலையில் ஒன்று, பாறையில் உரசியபின் ஒன்று என நாளுக்கு இரண்டு. நான்கு நாளுக்கு எட்டு, ஏறத்தாழ 19 மீட்டர். ஆக 50 மீட்டர் உருளை ஒன்று இரண்டு பேருக்குப் போதும். ஜிக்குக்கு 80 பவுண்டு ஃபுளோரோகார்பன், ஒரு முறைக்கு 4, 5 மீட்டர் பிடிக்கும், அதையும் இதே மாதிரி கணக்கிடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த அளவுக்கு வெட்டி எறியுங்கள். நீரில் நன்றாகத் தெரிகிறதே என்று மெலிந்த லீடருக்கு இறங்குவது டிரவுட் பழக்கம்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்க வேண்டிய இடம் வீடு. தை மாதத்து உறைபனிக் காலையில் நைலான் விறைத்துச் சுருண்டு நிற்கும், உள்ளங்கையில் சூடேற்றி இழுத்துவிட்டுக் கட்டுங்கள். கட்டியதை 15 கிலோவுக்கு இழுத்துப் பார்த்து வழுக்காமல் நின்றால் சரி. நான்கைந்து லீடரை முன்கூட்டியே வெட்டிச் சுருட்டி எடுத்துப் போனால் படகில் நேரம் மிச்சம்.

எடை போடுவது

உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. ஆளுக்கு இப்படி வரும்: ரீல் இரண்டு 1.6 கிலோ, ராடு 0.9, மேல்நீர் லூர் 1.04, ஜிக் 2.64, நரம்பும் லீடரும் 0.6, முள்ளும் வளையமும் 0.5, பிளையர், கத்தரி, கையுறை, பெல்ட் 1.2, ராடு குழாயில் உங்கள் பங்கு 0.5. கூட்டினால் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரீலைக் கைப்பையில் வைத்தால் செக்-இன்னில் 7.4 கிலோ, துணிமணிக்கு 7.6 கிலோ மிச்சம். இந்தக் கணக்கைத் தாண்டுகிறதென்றால் முதலில் ஜிக்கைக் குறையுங்கள், பிறகு சட்டையை. முள்ளையும் லீடரையும் தொடாதீர்கள்.

ராடுக்கு 4 அங்குல பி.வி.சி. குழாய் போதும். ராடின் நீளமான துண்டை அளந்து, அதோடு 10 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு உள்ளே துணி அடையுங்கள். நான்கு பேரின் ராடும் ஒரே குழாயில் போகும். நீளச் சாமானுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று விமான நிறுவனத்திடம் டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். குழாய் காரின் மேலே போகிறதென்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒரு கட்டு மட்டும் போட்டால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் நழுவும்.

முள், பிளையர், கத்தி, ஜிக் எல்லாம் செக்-இன்னில். பவர் பேங்க் கைப்பையில். டப்பாவில் அடைத்துப் பீய்ச்சும் எண்ணெய் விமானத்தில் ஏறாது, சின்னக் குப்பியில் ரீல் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பை ரீலைச் சோதனையில் மறுத்தால் செக்-இன்னில் சேர்க்க நேரம் இருக்கும்படி போய்ச் சேருங்கள். லூரிலிருந்து முள்ளைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தால் இடம் பாதியாகும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளவும் செய்யாது.

காலிப் பெட்டி ஒன்றும் எடுத்துப் போங்கள். அன்றைக்கு நனைந்த லூர் அதற்குள்தான் போக வேண்டும். ஒரே ஓர் ஈர லூரைப் பழைய பெட்டியில் திரும்ப வைத்தால் மறுநாள் காலை அந்தப் பெட்டி முள் மொத்தமும் துருப்பூத்திருக்கும், இருபத்துநான்கு முள் என்ற கணக்கு அன்றோடு சரி. மாலையில் ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போகும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.