யார் பிறை பார்த்தது தம்பி?

எங்கள் வாரப் பத்திரிகைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் போன வாரம் பண்டிகைச் செய்தி ஒன்றை எழுதிக் கொடுத்தான். தேதி எங்கிருந்து எடுத்தாய் என்றேன். போன் காலண்டரைக் காட்டினான். இருபது வருடம் முன்னால் நானும் அதையேதான் செய்தேன், அப்போது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர், அவ்வளவுதான் வித்தியாசம். வடசென்னையில் கோயில், பள்ளிவாசல், சர்ச் செய்தி எழுத வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். பெயரில் எழுத்துப்பிழை, படத்துக்குத் தவறான குறிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிறை பார்க்கும் முன் பெருநாளை அறிவிப்பது

இதைத்தான் இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்த வருடம் ரம்ஜான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பத்திரிகை வெள்ளி மதியம் அச்சுக்குப் போய், சனி விடியற்காலை வீடுகளில் விழும். நான்கு பக்கம் வாழ்த்து விளம்பரம் வந்திருந்தது. அரசு விடுமுறைப் பட்டியலில் சனி என்றிருந்தது. நானும் 'இன்று ரம்ஜான் பெருநாள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்து, ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை பள்ளிவாசல்களின் தொழுகை நேரத்தையும் கட்டம் கட்டிப் போட்டேன். அன்று மாலை பிறை தெரியவில்லை. நோன்பு முப்பதாக நிறைந்து, பெருநாள் ஞாயிறு என்று ஆனது.

திங்கட்கிழமை ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். காது சரியாகக் கேட்காது. மகன் துறைமுகத்தில் ஷிப்டு வேலைக்குப் போய்விட, சனிக்கிழமை காலை வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். விடியலுக்கு முன் சஹர் உணவு சாப்பிட்டு நோன்போடுதான் இருந்தார். வாசலில் கிடந்த எங்கள் பத்திரிகையைப் பார்த்ததும், ராத்திரி அறிவிப்பு வந்திருக்கும் போல, நமக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்து உடனே தண்ணீர் குடித்துவிட்டார். பெருநாள் அன்று நோன்பு வைக்கக் கூடாது, அதனால். பத்திரிகையை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். மேஜையில் பிரித்து வைத்து, தலைப்பின் மேல் விரலை வைத்து, "யார் பிறை பார்த்தது தம்பி?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அந்த ஒரு நோன்பை களாவா வச்சுக்கிறேன், அடுத்த வருஷம் கேட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். களா என்றால் விட்டுப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் வைப்பது. விளம்பரக்காரர்கள் இரண்டு பேர் பணம் தர மாட்டேன் என்றார்கள், அது வேறு கணக்கு.

அப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்பது இருபத்தொன்பதாம் நாள் மாலை, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குப் பிறகு பிறை பார்த்துதான் தெரியும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஜமாஅத்கள், அதாவது பள்ளிவாசல் சமூகங்கள், அரசு நியமிக்கும் தலைமை காஜியின் அறிவிப்பை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் உலகில் எங்கே பிறை தெரிந்தாலும் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், கணக்கு வைத்து முன்கூட்டியே நாள் குறிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் வருவது இங்கே புதிதில்லை. 'முஸ்லிம்கள் இன்று கொண்டாடுகிறார்கள்' என்று ஒற்றை வரியில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரை நீங்களே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். ஏழைகளுக்குத் தரும் ஃபித்ரா தர்மத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பதால், ஒரு நாள் பிசகினால் அரிசிக்குக் காத்திருக்கும் வீடு வரைக்கும் அது போகும்.

இப்போது இருபத்தொன்பதாம் நாளில் அச்சு இருந்தால் 'பிறை தெரிந்திருந்தால் இன்று, இல்லையேல் நாளை' என்றுதான் போடுகிறோம். தலைப்பு பார்க்க நன்றாக இருக்காது, இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் பாங்கு சொல்லும் மோதினாரின் நம்பரும் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது.

கோயில் தேதிக்கும் இதே கதைதான். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் உண்டு, இரண்டும் சில சமயம் ஒரு நாள் விலகும். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பது வருடத்தில் மூன்றே நாள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி. அதைத் தப்பாகப் போட்டால் அடுத்த வருடம் வரை திருத்த வழியில்லை. கோயில் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.

எல்லா சர்ச்சுக்கும் ஒரே சொல்

கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி, பங்குத்தந்தை. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் ஆராதனை, ஆயர். பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர். 'பாதிரியார் பூஜை நடத்தினார்' என்று எழுதிவிட்டு அந்தத் தெருப் பக்கம் போகாதீர்கள்.

கூட்டத்துக்கு மதம் குறிப்பது

அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய் நின்று பாருங்கள். நெற்றியில் குங்குமமும் கையில் மெழுகுவர்த்தியுமாக எத்தனை பெண்கள் வருகிறார்கள்! 'கிறிஸ்தவர்கள் குவிந்தனர்' என்று எழுதினால் அது பொய். 'பக்தர்கள்' போதும்.

'நமது', 'அவர்களது'

தீபாவளிக்கு 'நமது பண்டிகை', ரம்ஜானுக்கு 'இஸ்லாமியச் சகோதரர்களின் பண்டிகை'. இதை எங்கள் பழைய இதழ்களிலேயே பார்த்து நொந்திருக்கிறேன். பத்திரிகை யார் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறது என்று அந்த ஒரு சொல் காட்டிவிடும். தண்டையார்பேட்டை என்ற பெயரே, தொண்டியிலிருந்து வந்து இங்கே அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபைத் 'தொண்டியார்' என்று ஊர் அழைத்ததால் வந்தது என்பார்கள். இந்த ஊரில் 'அவர்கள்' யார்?

தெருச் சண்டையில் மதம் தேடுவது

வண்டி நிறுத்துகிற சண்டை, தண்ணீர் லாரிச் சண்டை. இரண்டு பேர் பெயரையும் பார்த்துவிட்டு 'இரு மதத்தினரிடையே மோதல்' என்று போடாதீர்கள். மதப் பிரச்சினைச் செய்தியைச் சரிபார்த்து நிதானமாகப் போடச் சொல்லி பிரஸ் கவுன்சில் நெறிமுறையே இருக்கிறது. முதலில் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று விசாரியுங்கள்.

படம்

கேட்டுவிட்டு எடுங்கள். ராயபுரத்தில் 1910-ல் கட்டிய பார்சி அக்கினிக் கோயிலுக்குள் மற்றவர்கள் போக முடியாது, வாசலோடு நின்றுவிடுங்கள்.