கேம்பர் வானுக்குக் காஸ் அடுப்பா, இன்டக்ஷன் அடுப்பா?

வெள்ளவத்தையில் இருந்து நுவரெலியாவுக்கு, உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய கேம்பர் வானில் கிளம்ப நினைப்பவர்கள், அடுப்பு வாங்குவதற்கு முன் பற்றரியைப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பற்றரி முழுதாக நிரம்பியிருந்தாலும் அதில் இருப்பது 1.2 யூனிட் மின்சாரம்தான். 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால், அரை மணி நேரத்தில் பற்றரி கையை விரித்துவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கவே ஏறத்தாழ 0.1 யூனிட் போகிறது. தேநீருக்குச் சரி, சோறு, பருப்பு, கறி என்றால் தாங்காது.

ஆகவே என் தேர்வு காஸ். 5 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு பேருக்குப் பல நாள் வரும். ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, தரைமட்டத்திலும் காற்றுத் துளை வேண்டும். இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு. வான் ஓடும்போது வால்வு மூடியே இருக்கட்டும்.

வானுக்கு வெளியிலிருந்து மின்சாரம் இணைக்கக்கூடிய இடத்தில் தங்கினால் இன்டக்ஷன் சுகம். வானுக்குள் புழுக்கம் குறையும். கொழும்பு வெக்கையில் அது சின்ன விஷயமா என்ன? அம்மா தந்த அலுமினியப் புட்டுப் பானையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடாகாது.